வானில் எழுந்த வாதங்கள்

தொழில் எதுவாயினும் அதில் வல்லார் பலர் கூடுமிடத்தில் வாதம் எழுதல் இயல்பு. நாற்றை நெருக்கி நடுவதா, இடைவிட்டு நடுவதா என்று உழவர் வாதிடுவர். தச்சரும் கொல்லரும் நெசவாளரும் தத்தம் கைம்முறையே சிறந்ததென நிலைநாட்ட முயல்வர். அவ்வாதங்களில் பிழைபட்டவனுக்கு நேரும் இழப்பு ஒரு பருவத்து விளைச்சலோ, ஒரு பலகையோ, ஒரு முழத் துணியோ ஆகும். விமானிகளின் வாதமோ அத்தகையதன்று. வானத்தில் பிழை செய்தவனுக்கு அதனைத் திருத்திக்கொள்ள மறுநாள் என்பதே இல்லாமற் போதலும் உண்டு.

1903ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17ஆம் நாள், அமெரிக்காவில் ரைட் உடன்பிறந்தார் தம் விமானத்தை முதன்முதலாகப் பறக்கவிட்டனர். அம்முதற் பறப்பு நீடித்த காலம் 12 விநாடி. கடந்த தொலைவு 120 அடி. அன்று தொடங்கிய வாதங்கள் இன்றும் ஓயவில்லை. தலைகீழாய் விழும் விமானத்தை எவ்வாறு மீட்பது? தரையில் இறங்குவதற்கு ஏற்ற முறை யாது? வானில் கரணம் அடிக்கும் கலை எல்லா விமானிகளுக்கும் வேண்டுமா? இவ்வினாக்களுக்கு விடை தேடியோர் பலர். அத்தேட்டத்தில் உயிர் நீத்தோரும் பலர். அவர்கள் கண்ட விடைகளே இன்று பயணிகளை வானத்தில் காத்து வருகின்றன.

வாதங்களின் இயல்பை உணர்தற்கு முன், விமானம் காற்றில் நிற்குமாற்றை ஒருவாறு அறிதல் வேண்டும். பட்டம் விடும் சிறுவன் அதனைக் காற்றுக்கு எதிரே சற்றுச் சாய்த்துப் பிடிக்கின்றான். சாய்ந்த முகத்தில் மோதிய காற்றுக் கீழ்நோக்கித் திருப்பப்படுகின்றது. பட்டம் மேலே எழுகின்றது. விமானத்தின் இறக்கையும் அவ்வாறே எதிர்வரும் காற்றைச் சற்றுச் சாய்வாக எதிர்கொள்கின்றது. இறக்கைக்கும் எதிர்க்காற்றுக்கும் இடையேயுள்ள இச்சாய்வினைத் தாக்கு கோணம் என்பர். கோணம் மிகுந்தால் தூக்கும் விசையும் மிகும். ஆயினும் அதற்கோர் எல்லை உண்டு. ஏறத்தாழ 15 பாகையைக் கடந்தவுடன், இறக்கையின் மேற்புறத்தைத் தழுவிச் சென்ற காற்று அதனை விட்டு விலகிக் குழம்பும்; தூக்குவிசை சட்டெனக் குறையும். இந்நிலையைத் தூக்குவிசை முறிவு என்று கூறலாம். எஞ்சின் செவ்வையாக ஓடிக்கொண்டிருக்கும்போதும் இந்நிலை நேரலாம் என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

விமானிக்கு உரிய கருவிகளில் மூன்று முதன்மையானவை. ஒன்று, கையாற் பிடிக்கும் கோல். அதனைத் தன்பால் இழுத்தால் விமானத்தின் மூக்கு மேலெழும். முன்னே தள்ளினால் மூக்குத் தாழும். பக்கவாட்டில் சாய்த்தால் விமானம் அப்பக்கம் சாயும். மற்றொன்று, காலால் மிதித்து இயக்கும் சுக்கான். அது மூக்கை இடமாகவோ வலமாகவோ திருப்பும். மூன்றாவது, எஞ்சினின் விசையைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் நெம்புகோல். இம்மூன்றையும் எந்தப் பொழுதில் எவ்வாறு ஆள்வது என்பதே விமானிகளின் வாதங்கள் யாவற்றிற்கும் வேராகும்.

தொடக்கக் காலத்து விமானிகள் மிகவும் அஞ்சியது சுழல் வீழ்ச்சியையே. விமானம் மெதுவாகத் திரும்பும்போது ஓர் இறக்கை மற்றதற்கு முன்னரே தூக்குவிசையை இழப்பதுண்டு. அவ்விறக்கை தாழ, விமானம் அப்பக்கமாய்ப் புரண்டு, சிறகுடைய விதை மரத்தினின்று சுழன்று விழுவது போலச் சுழன்றுகொண்டே கீழிறங்கும். விழுகின்றவனுடைய கை தானாகவே கோலைத் தன்பால் இழுக்கும். மேலே எழவேண்டுமெனின் கோலை இழுக்கவேண்டும் என்பதன்றோ அவன் கற்ற முதற்பாடம்! ஆனால் இழுக்க இழுக்கத் தாக்கு கோணம் பின்னும் மிகும், முறிந்த தூக்குவிசை முறிந்தவாறே நிற்கும், சுழற்சி ஓயாது. இங்ஙனம், உயிரைக் காக்க எழுந்த இயல்பூக்கமே உயிரைக் கொள்ளும் பகையாய் மாறிற்று.

1912ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில் இராணுவ விமானப் போட்டிகள் நடைபெற்றன. அத்திங்கள் 25ஆம் நாள், கடற்படையைச் சேர்ந்த வில்பிரெட் பார்க் என்னும் இளைஞர், உடன் ஒருவரை ஏற்றிக்கொண்டு ஆவ்ரோ விமானம் ஒன்றில் பறந்தார். இறங்கும் பொருட்டு வட்டமிட்டு வருகையில், விமானம் மிகச் செங்குத்தாகத் தாழ்வதைக் கண்டு கோலை இழுத்தார். அக்கணமே அது சுழல் வீழ்ச்சியில் அகப்பட்டது. அப்போது இருந்த உயரம் சில நூறு அடிகளே. எஞ்சினின் விசையை முழுதும் கூட்டினார், பயனில்லை. கோலை வயிறு வரை இழுத்தார், பயனில்லை. சுழலும் பக்கமாகவே சுக்கானைத் திருப்பிப் பார்த்தார், அதனாலும் பயனில்லை. தரையில் நின்று நோக்கியோர் இருவர் உயிரும் போயின என்றே எண்ணினர். செய்யத்தக்கன யாவும் செய்து தீர்ந்தபின், பார்க் அதுவரை செய்ததற்கு நேர்மாறாகச் சுக்கானைச் சுழற்சிக்கு எதிர்ப்பக்கம் முழுதும் மிதித்தார். சுழற்சி நின்றது, விமானம் நேரானது. தரைக்கும் அவர்க்கும் இடையே அப்போது எஞ்சியிருந்தது ஏறத்தாழ 50 அடி.

அவர் இறங்கியபின் நிகழ்ந்ததே அறிதற்குரியது. தப்பினோம் என்று மகிழ்ந்து அவர் வாளா இருந்திலர். நிகழ்ந்தவற்றை ஒன்றன்பின் ஒன்றாக நினைவுகூர்ந்து உரைத்தார். இழுத்த கோல், மிதித்த சுக்கான், ஒவ்வொன்றாலும் விளைந்தது, விளையாதது என யாவும் குறிக்கப்பெற்றன. தம் பிழையையும் அவர் மறைத்திலர். தரையிலிருந்து கண்டோரும் தாம் கண்டதைக் கூறினர். சுழல் வீழ்ச்சியைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அவ்வுரையே ஒரு தொடக்கமாயிற்று. அந்தோ! அவ்வாண்டு டிசம்பர்த் திங்களிலேயே வேறொரு விபத்தில் பார்க் உயிர் நீத்தார். அவர் கண்ட முறையும் உடனே எல்லார் செவியையும் எட்டவில்லை.

இதற்கிடையில், விமானத்தைத் தலைகீழாகச் செலுத்தலாகுமா என்னும் வாதம் எழுந்தது. நேராகவும் அமைதியாகவும் பறப்பதே நல்ல விமானிக்கு அழகென ஒரு சாரார் கூறினர். காற்று எல்லாப் பக்கமும் நிறைந்திருத்தலின், விமானம் எந்நிலையில் இருப்பினும் அதற்குப் பற்றுக்கோடு உண்டு; அதனை அறியாதவன் அஞ்சி மாள்வான் என மற்றொரு சாரார் கூறினர். இரண்டாம் கருத்தினை வற்புறுத்தியவருள் உருசிய நாட்டுப் படைவீரர் பியோத்தர் நெஸ்தெரோவ் ஒருவர். 1913ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 9ஆம் நாள், இன்று உக்ரைன் நாட்டின் தலைநகராய் விளங்கும் கீவ் நகரில் அவர் தம் கருத்தைச் செயலால் மெய்ப்பித்தார். எஞ்சினை நிறுத்தி மேலிருந்து பாய்ந்து, வேகம் பெற்றபின் மீண்டும் எஞ்சினை இயக்கி, கோலை இழுத்து, வானில் ஒரு முழு வளையம் வரைந்து மீண்டார். பரிசுக்கு மாறாக முதலில் அவர் பெற்றது தண்டனையே. அரசின் உடைமைக்குத் தீங்கு நேரச் செய்யத் துணிந்தார் என்று அவரைப் பத்து நாள் காவலில் வைக்க ஆணை பிறந்தது. பின்னர் அவருடைய செயலின் பயன் உணரப்பட்டு, அவருக்குப் பதவி உயர்வும் கிடைத்தது.

அதே ஆண்டில் பிரெஞ்சு நாட்டு அடோல்ப் பெகூ என்பாரும் இத்துறையில் புகழ் பெற்றார். ஆகஸ்டுத் திங்கள் 19ஆம் நாள், அவர் பறந்துகொண்டிருந்த விமானத்தினின்றும் பாராசூட் துணையால் கீழே குதித்தார். இறங்கிவரும்போது, ஆளில்லாத விமானம் வானில் என்ன செய்கின்றது என்று நோக்கினார். அது புரண்டது, வளைந்தது, மீண்டும் நிமிர்ந்தது. ஆளில்லாத விமானமே புரண்டு நிமிருமாயின், ஆள் அமர்ந்து அறிவோடு செலுத்தும் விமானம் அதனினும் நன்கு நிமிரவேண்டுமன்றோ என்று அவர் எண்ணினார். உடலை இருக்கையோடு வாரால் பிணித்துக்கொண்டு, செப்டம்பர்த் திங்கள் முதல் நாள் தலைகீழாகப் பறந்து காட்டினார். அத்திங்களிலேயே வளையமும் வரைந்தார். வேடிக்கை என்று பலர் அதனைக் கண்டு கைகொட்டினர். எந்நிலையினின்றும் விமானம் மீளும் என்னும் பேருண்மை அவ்வேடிக்கையினுள் அடங்கியிருந்தது. நெஸ்தெரோவ் 1914ஆம் ஆண்டிலும், பெகூ 1915ஆம் ஆண்டிலும் முதல் உலகப்போரின் வான்சண்டையில் உயிர் துறந்தனர்.

அப்போர்க் காலத்தில் சுழல் வீழ்ச்சி மீண்டும் பேச்சுக்கு வந்தது. அதனினின்றும் மீண்ட விமானிகள் சிலர் இருந்தனர். ஆயினும் மீண்டது எவ்வாறு என்பதில் அவர்களுக்குள் ஒருமைப்பாடு இல்லை. இங்கிலாந்தின் பார்ன்பரோ நகரில் அமைந்த அரசு விமான ஆலையில் பணியாற்றிய பிரெடெரிக் லிண்டெமன் என்னும் இயற்பியல் அறிஞர் இவ்வாதத்தைக் கணக்கினால் தீர்க்க எண்ணினார். பிறர் உயிரைக் கொண்டு தம் கணக்கைச் சோதிக்க அவர் விரும்பவில்லை. ஆதலின் தாமே பறக்கக் கற்றார். 1917ஆம் ஆண்டில், வேண்டுமென்றே விமானத்தைச் சுழல் வீழ்ச்சியில் செலுத்தி, சுழலும்போதே கருவிகள் காட்டிய அளவுகளை மனத்திற்கொண்டு, தரையிறங்கியபின் அவற்றைக் குறித்தார். விமானம் விரைந்து பாய்வதாகத் தோன்றினும், காற்றை எதிர்த்துச் செல்லும் வேகம் மிகக் குறைவு என்பதும், இறக்கைகள் தூக்குவிசையை இழந்த நிலையிலேயே நிற்கின்றன என்பதும் தெளிவாயின. சுழற்சிக்கு எதிராகச் சுக்கானை மிதித்து, கோலை முன்னே தள்ளித் தாக்கு கோணத்தைக் குறைத்தால், காற்று மீண்டும் இறக்கையைத் தழுவும். விழுகின்றவன் மேலும் மூக்கைத் தாழ்த்தவேண்டும் என்பது எளிதில் மனம் ஒப்பும் அறிவுரை அன்று. ஆயினும் உயிர் பிழைக்க அதுவே வழி. இந்நாளில் விமானிகளுக்குக் கற்பிக்கப்படும் முறையும் இதுவேயாகும்: எஞ்சினின் விசையைக் குறைத்தல், பக்கச் சாய்வின்றிக் கோலை நடுவில் வைத்தல், எதிர்ச்சுக்கான் மிதித்தல், கோலை முன்னே தள்ளுதல், சுழற்சி நின்றபின் மெல்ல நிமிர்தல்.

கண்டறிந்த உண்மையைக் கற்பிப்பாரும் வேண்டுமல்லவா? அக்காலத்தில் இளைஞர்கள் அரைகுறைப் பயிற்சியோடு போர்முனைக்கு அனுப்பப்பட்டனர். பகைவரால் மாண்டவர் ஒருபுறமிருக்க, பயிற்சியிலேயே மாண்டவர் தொகையும் பெரிதாயிற்று. இடர்ப்பாடுகளை நெருங்காதே என்பதே ஆசிரியர்கள் புகட்டிய அறிவுரை. போர்முனையில் படைப்பிரிவு ஒன்றின் தலைவராயிருந்த இராபர்ட் ஸ்மித்-பாரி என்பார் இதனைக் கண்டு உள்ளம் நொந்தார். மேலதிகாரிகளுக்குக் கடிதங்கள் வரைந்து இக்குறையை எடுத்துரைத்தார். அதன் பயனாக, இங்கிலாந்தின் காஸ்போர்ட் நகரில் பயிற்சி அளிக்கும் பொறுப்பு அவரிடமே விடப்பட்டது. 1917ஆம் ஆண்டில் அங்கே தனிப்பள்ளி ஒன்றும் நிறுவப்பெற்றது. மாணவனை இடரினின்றும் விலக்குதல் போதாது, இடரில் இட்டு அதனினின்றும் மீளக் கற்பித்தலே பயிற்சி என்பது அவர் கொள்கை. ஆசிரியரும் மாணவரும் இருவேறு கோல்களைப் பிடித்து ஒரே விமானத்தில் பறந்தனர். எஞ்சினின் பேரொலியிடையே ஆசிரியரின் குரல் மாணவனை எட்டுதற்கு ஒரு பேச்சுக் குழாய் அமைக்கப்பட்டது. அதற்குக் காஸ்போர்ட் குழாய் என்றே பெயர் வழங்கலாயிற்று. செங்குத்தான திருப்பங்களும் கரணங்களும் சுழல் வீழ்ச்சியும் அங்கே பாடங்களாயின. அச்சத்தால் நடுங்கிய கை, அறிவால் அமைதியுற்றது. அவர் வகுத்த முறையைப் பின்னர்ப் பல நாடுகளும் தழுவின.

மேலெழுந்தது எதுவாயினும் கீழிறங்கியே தீரவேண்டும். எனவே இறங்கும் முறையும் ஓயாத வாதத்திற்கு இடமாயிற்று. பழைய விமானங்களில் முன்னே இரு பெருஞ்சக்கரங்களும், வாலின்கீழ் ஒரு சிறுசக்கரமும் இருந்தன. மூன்றும் ஒருங்கே தரையைத் தொடுமாறு இறங்குவதே சிறப்பென ஒரு கட்சியினர் கூறினர். தரைக்குச் சற்று மேலே மிதந்து, வேகம் தேயத்தேயக் கோலைச் சிறிது சிறிதாக இழுத்துவந்தால், விமானம் பறக்கும் ஆற்றலை இழக்கும் அந்நொடியில் மெல்ல அமரும். வேகம் குறைவாதலின் குறுகிய நிலத்திலும் நிறுத்தலாம். முன்சக்கரங்கள் இரண்டையும் முதலில் ஊன்றி, வாலை உயர்த்தியவாறே ஓடுவதே சிறப்பென மறுகட்சியினர் கூறினர். அம்முறையில் எதிரேயுள்ள பாதை கண்ணுக்கு நன்கு தெரியும். காற்றுத் தாறுமாறாக வீசும் நாளில் விமானம் கைக்கு அடங்கி நிற்கும். ஆனால் வேகம் மிகுதி. நீண்ட ஓடுபாதை வேண்டும். ஊன்றுவதில் சிறிது பிசகினும் விமானம் பந்துபோல் எகிறும். இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் மூக்கின்கீழ்ச் சக்கரம் உடைய விமானங்கள் பெருகவே இவ்வாதத்தின் வேகம் தணிந்தது. எனினும் வாற்சக்கர விமானங்களைச் செலுத்துவோர் இன்றும் இதனை விட்டாரில்லை. காற்று அமைதியாயின் முதல் முறையும், காற்றுக் கடிதாயின் இரண்டாம் முறையும் பயன்படும். ஆதலின் இரண்டையும் கற்றவனே கைதேர்ந்தவன் என்பது நடுநின்றோர் முடிவு.

பக்கக் காற்று வீசும்போது இறங்குவது மற்றொரு சிக்கல். ஆற்றைக் குறுக்கே கடக்கும் ஓடக்காரன், நீரோட்டம் இழுத்துச் செல்லும் என்பதறிந்து ஓடத்தின் முகத்தை எதிரோட்டத்தின் பக்கம் சாய்த்துச் செலுத்துவான். அவ்வாறே விமானத்தின் மூக்கைக் காற்று வரும் திசைக்குச் சற்றுத் திருப்பிவைத்து, நண்டுபோல் ஒருக்கணித்து ஓடுபாதையை நோக்கி வருவது ஒரு முறை. தரையைத் தொடுமுன் சுக்கானை மிதித்து மூக்கை நேராக்கல் வேண்டும். காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, சுக்கானை எதிர்ப்பக்கம் மிதித்து, மூக்கை முதலிலிருந்தே நேராக வைத்து இறங்குவது இரண்டாம் முறை. அதில் ஒரு சக்கரம் முன்னும் மற்றது பின்னுமாகத் தரையைத் தொடும். இறக்கையின்கீழ்ப் பேரெஞ்சின்களைத் தாங்கிய விமானங்களில் இறக்கையை மிகத் தாழ்த்தினால் எஞ்சின் தரையில் இடிக்கும். ஆதலின் இன்ன விமானத்திற்கு இன்ன முறை, எந்த அளவு என்பதை அறிந்து கொள்ளல் இன்றியமையாதது.

இறக்கையைத் தாழ்த்தி எதிர்ச்சுக்கான் மிதிக்கும் இக்கலை உயரத்தை விரைவில் குறைப்பதற்கும் பயன்படும். சிறு விமானங்களுக்கும், எஞ்சினின்றிக் காற்றில் மிதந்து செல்லும் சறுக்கு விமானங்களுக்குமே இஃது உரியது, பெரிய பயணி விமானத்திற்கு இதனால் பயனென்ன என்று எண்ணுவார்க்கு, 1983ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 23ஆம் நாள் கனடா நாட்டில் நிகழ்ந்தது தக்க விடையாகும். போயிங் 767 விமானம் ஒன்றில் எரிபொருளைக் கிலோகிராம் கணக்கில் அளக்கும்போது, பவுண்டு கணக்கிற்குரிய எண்ணைப் பயன்படுத்திவிட்டனர். வேண்டியதில் பாதியளவே நிரப்பிய அவ்விமானத்தின் எஞ்சின்கள் இரண்டும் 41,000 அடி உயரத்தில் பறந்த பயணத்தின் இடையில் நின்றுபோயின. உள்ளே இருந்தவர் 69 பேர். தலைமை விமானி இராபர்ட் பியர்சன் சறுக்கு விமானப் பயிற்சி நிரம்பியவர். கிம்லி என்னும் ஊரிலிருந்த பழைய விமானப்படைத் தளத்தை நோக்கி அவர் மிதந்து வந்தார். அணுகியபோது உயரம் மிகையாக இருந்தது. சுற்றிவர எஞ்சின் இல்லை. அப்போது அவர் அப்பெருவிமானத்தைச் சறுக்கு விமானம் போலவே பக்கவாட்டில் சாய்த்துச் சறுக்கவிட்டு, மிகையான உயரத்தைக் கழித்து, பாதையில் இறக்கினார். மூக்குச் சக்கரம் மடங்கியது. ஆனால் ஓர் உயிரும் போகவில்லை. பொழுதுபோக்குக்காகக் கற்ற கலை 69 உயிரைக் காத்தது.

இறங்குதலைச் சார்ந்த வேறொரு வாதம் விமானிகளிடையே நெடுங்காலமாக நிலவுகின்றது. உயரத்தை ஆள்வது கைக்கோலா, எஞ்சினா என்பதே அது. 1944ஆம் ஆண்டில் வுல்ப்காங் லாங்கவீஷ என்னும் சோதனை விமானி அமெரிக்காவில் வெளியிட்ட ‘ஸ்டிக் அண்ட் ரடர்’ என்னும் நூல் இவ்வாதத்தைத் தெளிவுபடுத்திற்று. கோலை இழுத்தால் விமானம் ஏறும் என்று கருதுவதே பல விபத்துகளுக்குக் காரணம். கோல் உண்மையில் ஆள்வது தாக்கு கோணத்தையும் அதன்வழி வேகத்தையுமே என்று அவர் விளக்கினார். ஓடுபாதையை அடையுமுன்னரே விமானம் தாழ்ந்துவிடும்போலத் தோன்றினால், கற்றுக்குட்டி கோலை இழுப்பான். வேகம் முன்னரே குறைந்திருப்பின், அதனால் விமானம் மேலும் தாழும். எஞ்சினின் விசையைக் கூட்டுவதே அங்கே செய்யத்தக்கது. ஆயினும் வேகம் மிக்க பெருவிமானங்களில் பாதையைக் கோலாலும் வேகத்தை எஞ்சினாலும் ஆளும் வழக்கமும் உண்டு. இரு கருவிகளும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒன்றை மாற்றினால் மற்றதையும் ஒத்தவாறு மாற்றியாக வேண்டும். இருமாட்டு ஏரில் எந்த மாடு ஏரை இழுக்கின்றது என்று வாதிடுவது போன்றது இது எனலாம்.

இனி, கரணமும் சுழல் வீழ்ச்சியும் எல்லா விமானிகளுக்கும் கற்பிக்கத்தக்கனவா என்பது எஞ்சிய வினா. 1949ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு, தனியார் விமானிகளுக்கான உரிமத் தேர்விலிருந்து சுழல் வீழ்ச்சிப் பயிற்சியை நீக்கியது. பயிற்றும் ஆசிரியர்களுக்கு மட்டும் அதனை வைத்துக்கொண்டது. நோய்க்கு மருந்து கற்பிப்பதினும் நோய் வாராமல் காக்கக் கற்பித்தல் நன்று. தூக்குவிசை முறியும் அறிகுறிகளை மாணவன் முன்கூட்டியே உணர்ந்தால் சுழல் வீழ்ச்சிக்கே இடமில்லை என்பது அம்முடிவை ஆதரித்தோர் கருத்து. தரைக்கு அருகில் சுழல் வீழ்ச்சி நேரின், மீளும் முறை தெரிந்தவனுக்கும் மீள உயரம் இராது என்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டினர். ஒருமுறையேனும் தலைகீழாய்ச் சுழன்று மீளாதவன், முதன்முறை அது நேரும்போது திகைத்துப்போவான் என்பது மறுத்தோர் கருத்து. இருதிறத்தாரும் கூறியதில் உண்மை உண்டு.

திகைப்பின் கொடுமையை உலகம் 2009ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் கண்டது. ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிசுக்குப் புறப்பட்ட ஏர் பிரான்ஸ் 447 விமானம் அட்லாண்டிக் பெருங்கடலின்மீது இரவில் பறந்துகொண்டிருந்தது. காற்றின் வேகத்தை அளக்கும் குழாய்களைப் பனிக்கட்டிகள் அடைத்தன. வேகம் காட்டும் கருவிகள் பிழைபட்டன. தானே விமானத்தைச் செலுத்திவந்த பொறியும் விலகிக்கொண்டது. திடீரெனப் பொறுப்பேற்ற விமானி கோலை இழுத்தார். விமானம் ஏறத்தாழ 38,000 அடி வரை ஏறித் தூக்குவிசையை இழந்தது. எச்சரிக்கை ஒலி மீண்டும் மீண்டும் எழுந்தது. ஆயினும் விழும்போதும் கோல் பெரும்பாலும் இழுத்த நிலையிலேயே இருந்தது. மூன்றரை நிமிட அளவில் விமானம் கடலில் வீழ்ந்தது. 228 பேரும் மாண்டனர். 1912ஆம் ஆண்டில் பார்க்கின் கையை ஆட்டிய அதே இயல்பூக்கம், 97 ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு கையை ஆட்டிற்று.

அவ்விழப்புக்குப் பின்னர்ப் பழைய வாதம் புதுவேகம் பெற்றது. நிலைகுலைந்த விமானத்தை மீட்கும் பயிற்சி, பயணி விமானங்களைச் செலுத்துவோர்க்குப் பல நாடுகளில் கட்டாயமாக்கப்பட்டது. தரையில் அமைந்த போலி விமான அறைகளிலும், கரணம் அடிக்கத்தக்க சிறு விமானங்களிலும் அப்பயிற்சி அளிக்கப்படுகின்றது. கோலை முன்னே தள்ளுக, தாக்கு கோணத்தைக் குறைக்க என்பதே அதன் முதற்பாடம். நூறாண்டுகளுக்கு முன் ஸ்மித்-பாரி வற்புறுத்திய கொள்கையும், லிண்டெமன் உயிரைப் பணயம் வைத்து அளந்த உண்மையும் இவ்வாறு மீண்டும் பள்ளியேறின.

பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. பதறாமை என்பது பிறவியிலேயே வாய்க்கும் குணம் மட்டுமன்று. அறிவினாலும் பயிற்சியினாலும் ஈட்டத்தக்கதே அது என்பதை விமானிகளின் வரலாறு காட்டுகின்றது. அவ்வறிவு வாதத்தினால் வளர்ந்தது. ஆனால் உரத்த குரலால் வென்ற வாதம் எதுவும் வானில் நிலைக்கவில்லை. செய்து பார்த்து, அளந்து கண்டு, பிழையை ஒளியாது உரைத்தோரின் வாதமே நிலைத்தது. வில்பிரெட் பார்க் அன்று தப்பியதை மட்டும் கூறித் தம் பிழையை மறைத்திருந்தால், அவர் பெற்ற பட்டறிவு அவரோடு மறைந்திருக்கும். இன்று புதிதாகப் பறக்கக் கற்கும் மாணவன் சுழலும் விமானத்தில் எதிர்ச்சுக்கானை மிதிக்கும்போது, தரைக்கு 50 அடி உயரத்தில் அவ்விளைஞர் கற்ற பாடமே அவன் காலை இயக்குகின்றது.